ஏப்ரல் இரவுகளில் கோபுர ஃபோகஸ் லைட்டை அணையுங்கள்: ரீயூனியன் தமிழ்க் கோவில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோவில் நிர்வாகக் குழுத் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும், பூசாரி ஐயாமார்களுக்கும், தமிழ்ச் சங்கத்து அன்பர்களுக்கும்,

வணக்கம்.

தைப்பூசக் காவடி முடிந்துவிட்டது. அடுத்துச் சித்திரைப் பிறப்புக்கு மேடை, பந்தல், சீரியல் லைட், ஒலிபெருக்கி என்று நீங்கள் கணக்குப் போடத் தொடங்கியிருப்பீர்கள். அந்தக் கணக்கில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஏப்ரல் மாதம் முழுவதும், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை, கோபுரத்தையும் வானத்தையும் நோக்கி அடிக்கும் ஃபோகஸ் லைட்டுகளை அணைத்து வையுங்கள். கருவறை விளக்கையோ, பிராகாரத்து அகல்களையோ, வயதானவர்கள் படியில் தடுக்காமல் நடக்க வேண்டிய வெளிச்சத்தையோ நான் கேட்கவில்லை. மேலே போகும் வெளிச்சத்தை மட்டும் கேட்கிறேன்.

ஏப்ரல் என்று குறித்துச் சொல்லக் காரணம் உண்டு. பரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் வளையை விட்டுக் கிளம்பும் மாதம் அது. கிரியோலில் இதைத் தாய்வாங் என்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். முதுகு கருஞ்சாம்பல், வயிறும் நெற்றியும் வெள்ளை, கருத்த கொக்கி அலகு. எடை நானூறு கிராம் அளவுதான், ஆனால் இறக்கையை விரித்தால் ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். இன்று இந்தப் பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய முழுவதும் நம் தீவில்தான். அதுவும் கடற்கரையில் இல்லை. பித்தோன் தெ நேஜ், கிரான் பெனார் சிகரங்களை ஒட்டி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, குளிரும் பனிமூட்டமும் சூழ்ந்த செங்குத்துச் சரிவுகளில் மண்ணைக் குடைந்து வளை அமைக்கிறது. இரவில் வரும், இரவில் போகும். அதனால்தான் அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்ததே 1964இல். இத்தீவின் வேளாண் பொறியாளரும் பறவை ஆர்வலருமான அர்மான் பரோவின் பெயரைச் சூட்டினார்கள். வளைகள் இருக்கும் இடத்தை ஆய்வாளர்கள் கண்டறிய 1995 வரை ஆயிற்று. ஒரு தீவின் மிக உயர்ந்த மலையில் ஆயிரக்கணக்கில் வாழும் பறவை, மனிதக் கண்ணுக்கு இவ்வளவு காலம் மறைந்திருந்திருக்கிறது.

செப்டம்பர் முதல் மாலை நேரத்தில் சேன் லூயியில் எத்தான் தியு கோல் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். வளர்ந்த பரோ பெட்ரல்கள் கரையோரத்தில் திரளத் தொடங்கும். வெயில் தாழத் தாழ, ஒவ்வொன்றாகவும் கூட்டமாகவும் தலைக்கு மேலே ஏறி, சிலாவோஸ் பள்ளத்தாக்கின் வழியே மலைக்குப் போகும். கரும்பு ஆலையும், அதன் பக்கத்தில் நம் முன்னோர் கட்டிய கோவில்களும் இருக்கும் அதே மண்ணுக்கு மேலேதான் இந்த வழி ஓடுகிறது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், ஆலை வேலை முடிந்து திரும்பிய அந்திகளில் இந்தப் பறவைகளும் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். அன்று கோவிலில் எரிந்தது எண்ணெய் விளக்கு. அதனால் எந்தக் குஞ்சும் வழி தவறியிராது.

இந்தப் பறவையின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் தெரிய வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எதைக் காப்பாற்றக் கேட்கிறேன் என்பது தெரியாமல் யாரும் ஒரு சுவிட்சைக்கூட அணைக்க மாட்டார்கள்.

ரீயூனியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பறவையின் காலில் ஓரிரு கிராம் எடையுள்ள கருவியைக் கட்டி அனுப்பினார்கள். அந்தக் கருவிக்கு செயற்கைக்கோள் தொடர்பு எதுவும் கிடையாது. சுற்றிலும் உள்ள வெளிச்சத்தை அளந்து அளந்து குறித்து வைக்கும், அவ்வளவுதான். பகல் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து வடக்கு தெற்கையும், உச்சிப்பொழுது எந்த நேரத்தில் வந்தது என்பதிலிருந்து கிழக்கு மேற்கையும் கணக்கிட்டுவிடலாம். நம் பஞ்சாங்கக்காரர்கள் ஊருக்கு ஊர் சூரிய உதயத்தைக் கணிப்பதற்கு இது நேர் எதிர் கணக்கு. பறவை அடுத்த பருவத்தில் அதே வளைக்குத் திரும்பி வரும்போது கருவியைக் கழற்றி, ஓராண்டுப் பயணத்தையும் வாசிக்கிறார்கள். இரை தேடும் காலத்தில் இவை ரீயூனியனுக்கும் மடகாஸ்கருக்கும் தெற்கே வெகுதூரம் போய்வருகின்றன. குஞ்சு வளர்ந்து முடிந்ததும், இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போய், அங்கே கரையே பாராமல் பல மாதங்கள் கழிக்கின்றன. மீண்டும் செப்டம்பரில் இங்கே.

அதே கருவியில் உப்புநீர் பட்டால் காட்டும் பகுதியும் இருந்தது. பறவை எப்போது தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது, எப்போது பறக்கிறது என்பதை அது சொல்லும். அதை நிலவின் நாட்களோடு வைத்துப் பார்த்தபோது 2011இல் வெளியான முடிவு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. பௌர்ணமி இரவுகளில் இந்தப் பறவைகள் இரவின் மிகப்பெரும் பகுதியைப் பறந்தே கழிக்கின்றன; நிலா வெளிச்சத்தில் இரை தேடுகின்றன. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அவ்வாறு இல்லை. மலைக்கு வரும் காலத்தையும், மலையை விட்டுப் போகும் காலத்தையும்கூடப் பகலின் நீளத்தையும் நிலவையும் கொண்டு தீர்மானிக்கின்றன. திதி பார்த்து வாழும் பறவை என்று சொன்னால் மிகையில்லை.

பறக்கும் விதமும் அப்படித்தான். அலைக்குப் பக்கத்தில் காற்று மெதுவாகவும், சில மீட்டர் மேலே வேகமாகவும் வீசும். இந்த வேக வித்தியாசத்தைத்தான் பறவை உழைக்க வைக்கிறது. காற்றை எதிர்த்து மேலேறி, திரும்பி, காற்றோடு சறுக்கிக் கீழே வந்து, மறுபடி மேலேறும். இறக்கையை அடிக்க வேண்டிய தேவையே அதிகம் இருக்காது. ஒரு நாள் முழுக்க, ஒரு வாரம் முழுக்க இப்படியே போக முடியும். கடலின் மேற்பரப்பில் மீனையும் கணவாயையும் கொத்தித் தின்னும். சூரை மீன் கூட்டம் அடியிலிருந்து சிறு மீன்களை மேலே விரட்டும் இடங்களைத் தேடிப்போகும். இப்படி வாழ்வதற்காகவே அமைந்த உடலுக்கு ஒரு விலையும் உண்டு. கால்கள் பின்னால் தள்ளி, வலுவின்றி இருக்கும். சமதரையில் விழுந்துவிட்டால் ஓடி எழும்பிப் பறக்க முடியாது. மலைச் சரிவிலிருந்து காற்றில் குதிக்கலாம், கடலில் அலை மேலிருந்து எழும்பலாம். சிமெண்ட் போட்ட கோவில் முற்றத்திலிருந்தோ கார் நிறுத்துமிடத்திலிருந்தோ எழும்ப முடியாது.

இனிக் குஞ்சின் கதை. ஆண்டுக்கு ஒரு முட்டை, ஒன்றே ஒன்று. அது உடைந்தால் அந்த ஆண்டு அந்த இணைக்குப் பிள்ளை இல்லை. நவம்பர் வாக்கில் முட்டை, ஆண்டு பிறக்கும் சமயத்தில் குஞ்சு. தாயும் தந்தையும் மாறி மாறிக் கடலுக்குப் போய், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்துகூட இரையை வயிற்றில் சுமந்து வந்து ஊட்டுகின்றன. நான்கு மாதம் போல இருட்டு வளைக்குள் வளரும் குஞ்சு, பெற்றோர் இல்லாமலேயே, ஏப்ரலில் ஓர் இரவு வெளியே வந்து முதல் முறையாக இறக்கையை விரிக்கிறது. கீழே இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவில் கடல். வழிகாட்ட யாரும் கிடையாது. இயற்கையில் இரவில் நிலமெல்லாம் கருமையாகவும், கடலும் அதன் மேல் உள்ள வானமும் சற்றே வெளிச்சமாகவும் இருக்கும். அந்த வெளிச்சத்தை நோக்கிப் போனால் போதும், கடல் வந்துவிடும். இன்று மலைக்கும் கடலுக்கும் நடுவே ஊர்கள் இருக்கின்றன. சேன் தெனியிலிருந்து சேன் போல், சேன் லூயி, சேன் பியேர் வரை கரை நெடுக விளக்கு. சிலாவோஸ் போன்ற மலையூர்களிலும் விளக்கு. குஞ்சு அந்த வெளிச்சத்துக்குள் இறங்கிச் சுற்றுகிறது, களைக்கிறது, சுவரிலோ கம்பியிலோ மோதுகிறது, தரையில் விழுகிறது. அதற்குப் பிறகு நாய், பூனை, கார்ச் சக்கரம், பசி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1996 முதல் 1999 வரை நான்காண்டுகள் கணக்கெடுத்தார்கள். அந்தக் காலத்தில் விளக்கால் ஈர்க்கப்பட்டு விழுந்து கண்டெடுக்கப்பட்ட பெட்ரல் இனப் பறவைகள் 2,348. பெரும்பாலானவை பரோ பெட்ரல். நூற்றுக்கு 94 முதல் முறை பறக்கும் குஞ்சுகள். ஓர் ஆண்டில் பிறக்கும் பரோ பெட்ரல் குஞ்சுகளில் குறைந்தது ஐந்தில் ஒன்று, சில சமயம் ஐந்தில் இரண்டு வரை விளக்குகளிடம் போய்விடுகின்றன என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. இவை கண்டெடுக்கப்பட்டவற்றைக் கொண்ட கணக்கு. கரும்புத் தோட்டத்திலும் புதரிலும் விழுந்து யார் கண்ணிலும் படாமல் போனவற்றை யார் எண்ணினார்கள்?

அந்த ஆய்வில் கோவில் என்று தனியாக ஒரு வரி இல்லை. தெருவிளக்குகளும் விளையாட்டு மைதானங்களும்தான் முதன்மையாகப் பேசப்பட்டன. அதனால் "மைதானத்தையும் ஹைப்பர்மார்க்கெட்டையும் விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வருகிறீர்கள்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நகராட்சிகளிடம் தேசியப் பூங்காவும், செஓர் என்று எல்லோரும் அழைக்கும் ரீயூனியன் பறவையியல் ஆய்வுச் சங்கமும் ஒவ்வோர் ஏப்ரலிலும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. 'விளக்கில்லா இரவுகள்' என்ற அந்த ஏற்பாட்டில் பல நகராட்சிகள் தெருவிளக்கை அணைக்கின்றன, மைதான ஆட்டங்களை நேரம் மாற்றுகின்றன. ஊரே இருண்டிருக்கும் அந்த இரவில் ஒரே ஒரு கோபுரம் மட்டும் நாலு பக்கமும் ஃபோகஸ் அடித்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் இருள் கூடக் கூட அந்த ஒற்றை வெளிச்சத்தின் இழுப்பும் கூடுகிறது. அண்டை அயலார் அணைத்த பிறகு நாம் அணைக்காமல் இருப்பது முன்பைவிடக் கெடுதல்.

இன்னொரு காரணம், எனக்கு இதுதான் முதன்மையானது. தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. குஞ்சுகள் கிளம்பும் நாட்களின் நட்டநடுவே வருகிறது. இந்தத் தீவில் வேறு எந்தச் சமூகத்தின் பெரிய இரவு விழாவும் இவ்வளவு துல்லியமாக அந்த நாட்களின் மேல் விழுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இது நம்மிடம்தான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. வெளியார் வந்து கேட்பதற்கு முன் நமக்குள்ளேயே பேசிக்கொள்வது நமக்கு மரியாதை.

நிலவு பற்றி மேலே சொன்னேன். அது இங்கே நேரடியாகப் பயன்படும். பல தீவுகளில் கண்டறிந்தது இது: பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் விளக்கால் விழும் குஞ்சுகள் குறைவு, அமாவாசையை ஒட்டி அதிகம். நிலா இருக்கும்போது மனிதன் போட்ட விளக்கு அவ்வளவாக எடுபடுவதில்லை. பங்குனி உத்திரமும் சித்ரா பௌர்ணமியும் இயல்பாகவே நிலா வெளிச்ச நாட்கள். ஆபத்து ஒப்பிட்டால் குறைவு. சித்திரை முதல் நாள் சூரியக் கணக்கில் வருவதால் அதற்கு நிலவின் திதி ஆண்டுதோறும் மாறும். இந்த 2026ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அமாவாசை. அதாவது புத்தாண்டு இரவும் அதைச் சுற்றிய வார இறுதிகளும் தேய்ந்துபோன நிலவின் இரவுகள். குஞ்சுகளுக்கு மிக மோசமான காலம். உங்கள் கோவில் அலுவலகச் சுவரில் பஞ்சாங்க நாள்காட்டி தொங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்து அமாவாசையைச் சிவப்பில் வட்டமிட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு முழுக் கண்டிப்பு என்று வைத்துக்கொண்டால், வேறு எந்த நிபுணரும் வந்து நாள் குறித்துத் தர வேண்டியதில்லை.

"கோவிலை இருட்டடிப்பது அபசகுனம்" என்ற பேச்சும் எழும் என்று தெரியும். பூசாரி ஐயாமார்களிடம் பணிவாகக் கேட்கிறேன்: ஆகமத்தில் எந்த விளக்குக்கு இடம் இருக்கிறது? நந்தா விளக்குக்கு, தீபாராதனைக்கு, கார்த்திகைத் தீபத்துக்கு. அவை எல்லாம் எண்ணெயும் திரியும் கற்பூரமும். கோபுரத்தின் கீழே தரையில் பதித்து மேல்நோக்கி அடிக்கும் எல்இடி ஃபோகஸ் எந்தச் சாஸ்திரத்திலும் வரவில்லை. அது அழகுக்காகப் போட்டது, புகைப்படத்துக்காகப் போட்டது. அழகு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் கோபுரங்களின் வண்ணமும் சுதைச் சிற்பங்களும் இந்தத் தீவுக்கே அழகு. ஆண்டின் பதினொரு மாதம் அவை ஒளிரட்டும்.

தமிழ்நாட்டில் நம் சனங்கள் பறவைக்காக விட்டுக்கொடுத்ததைப் பார்த்தால் நாம் கேட்பது மிகச் சிறிது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் கொக்கும் நாரையும் மிரண்டு பறந்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் எடுத்த முடிவைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் காக்கிறார்கள். வேடந்தாங்கல் மக்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடவிடாமல் காத்தது பதினெட்டாம் நூற்றாண்டுக்கே போகிறது. அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அதை அங்கீகரித்து எழுத்து கொடுத்தார். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020இல் நடந்தது இன்னும் அருமை. அதே சிவகங்கை மாவட்டத்தின் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டையிட்டது. ஊரார் கூடிப் பேசி, குஞ்சு பொரித்துப் பறந்து போகும் வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். ஒரே ஒரு கூட்டுக்காக ஒரு கிராமமே இருட்டில் நடந்தது. சிவகங்கையின் சம்சாரிகளுக்கு முடிந்தது சேந்தாந்த்ரேயிலும் சேன் பியேரிலும் உள்ள நமக்கு முடியாதா?

வேறு தீவு ஒன்றின் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், பலன் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்காக. ஹவாயின் காவாய் தீவிலும் மலையில் வளை தோண்டி வாழும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் இதே போல விளக்கில் விழுகின்றன. அங்கே ஒரு பெரிய சுற்றுலா விடுதியின் விளக்குகளுக்கு மேல்பக்கம் மறைப்புப் போட்டு, ஓர் இரவு மறைப்போடு, மறு இரவு மறைப்பில்லாமல் என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். 1985இல் வெளியான அந்த ஆய்வின்படி, மேலே போகும் ஒளியை மறைத்த இரவுகளில் வந்து விழுவது கிட்டத்தட்ட நாற்பது விழுக்காடு குறைந்தது. விளக்கை அணைக்கக்கூட இல்லை, தொப்பி போட்டார்கள். பிறகு 2010இல் அந்தத் தீவின் உயர்நிலைப் பள்ளிகள் வெள்ளிக்கிழமை இரவில் நடத்திவந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் பறவைகளுக்காகப் பகலுக்கு மாற்றப்பட்டன. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வெள்ளி இரவு ஆட்டம் நமக்குத் திருவிழா மாதிரி. சண்டை வந்தது, வருத்தம் வந்தது, ஆனாலும் மாற்றினார்கள்.

சட்டம் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை, என்றாலும் நிர்வாகிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் கோவில்களில் பெரும்பாலானவை பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கங்களால் நடத்தப்படுகின்றன. மற்ற சங்கங்களுக்குள்ள பொறுப்பு நமக்கும் உண்டு. ஒளி மாசு குறித்த 2018 டிசம்பர் 27 ஆணை, கட்டடங்களை அழகுபடுத்தும் வெளி விளக்குகள் இரவு ஒரு மணிக்குள் அணைய வேண்டும் என்கிறது. ஒரு மணிக்கு அணைத்துவிட்டோம், சட்டப்படி நடந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஏப்ரலில் இங்கே ஆறு மணியளவில் சூரியன் மறைகிறது. குஞ்சுகள் பெரும்பாலும் இரவின் முதல் சில மணி நேரத்தில்தான் இறங்குகின்றன. பிரான்ஸ் முழுமைக்கும் எழுதப்பட்ட ஆணைக்கு நம் மலையின் வளைகளைப் பற்றித் தெரியாது. நமக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இவை. கோபுர ஃபோகஸுக்கு டைமர் மாட்டி ஏப்ரல் முழுவதும் அணைத்து வைப்பது. நடைபாதை, வாகன நிறுத்துமிட விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பி மறைப்புப் போடுவது, வெள்ளை எல்இடியைக் கழற்றி மஞ்சள் தன்மையுள்ள மங்கல் விளக்கு போடுவது. இதற்கு ஆகும் செலவு ஒரு திருவிழாவின் பூமாலைச் செலவுக்குள் அடங்கும். வானத்தில் சுழலும் ஒளிக்கற்றை, லேசர், வாணவேடிக்கை இவற்றை ஏப்ரலில் அறவே விட்டுவிடுவது; இதில் மட்டும் எனக்குச் சமரசம் பேச மனமில்லை. புத்தாண்டுக் கலைநிகழ்ச்சியை நான்கு மணிக்குத் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிப்பது. பரதமும் கோலாட்டமும் வெயில் சாயும் வெளிச்சத்தில் இன்னும் நன்றாகவே இருக்கும். சிறு பிள்ளைகளின் தாய்மார்கள் உங்களுக்கு நன்றியும் சொல்வார்கள். தேர் அல்லது சாமி ஊர்வலம் இரவில்தான் என்று நேர்ந்துகொண்டிருந்தால், அது போகட்டும், ஜெனரேட்டர் வண்டியில் கட்டும் மேல்நோக்கிய விளக்குகளை மட்டும் விட்டுவிட்டு. தீவட்டியோடு சாமி போவதை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியும் குஞ்சு விழலாம். பக்கத்துக் கட்டடத்தின் விளக்கால் நம் முற்றத்தில் விழலாம். அதற்கு ஒவ்வொரு கோவிலிலும் ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு பழைய துண்டும் தயாராக இருக்கட்டும். பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு வையுங்கள். விழுந்த பறவையைத் துண்டால் மூடி, இறக்கையை உடம்போடு சேர்த்து மெதுவாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, சத்தமில்லாத இருட்டு இடத்தில் வையுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம், சோறு கொடுக்க வேண்டாம், பிரசாதமும் வேண்டாம். பறக்க வைக்கிறேன் என்று மேலே வீசவே வேண்டாம்; வெளியில் தெரியாத காயம் இருக்கலாம், மறுபடி விழுந்து சாகும். செஓருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது அவர்களோடு இணைந்து செயல்படும் தீயணைப்பு நிலையத்திலோ கால்நடை மருத்துவரிடமோ ஒப்படையுங்கள். மீட்கப்படும் குஞ்சுகளில் பெரும்பான்மை கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. தலையில் இன்னும் கொஞ்சம் பஞ்சு போன்ற தூவி ஒட்டியிருக்கும் ஒரு குஞ்சைக் காலையில் கடலை நோக்கி விடும்போது நம் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டும். தமிழ் வகுப்பில் நான் பறவைகளின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதைவிட அது நூறு மடங்கு பெரிய பாடம்.

மலையில் பூனையும் எலியும் இந்தப் பறவைகளைக் கொல்வது எனக்குத் தெரியாமல் இல்லை. 2014 முதல் ஐரோப்பிய நிதியோடு நடந்த லைஃப் பெட்ரல் திட்டத்தில் தேசியப் பூங்காவும் பல்கலைக்கழகமும் செஓரும் சேர்ந்து அதற்காகவும் உழைத்தார்கள். அதே திட்டத்தின்போதுதான், உலகிலேயே மிக அரிதான கடற்பறவைகளில் ஒன்றான, கிரியோலில் திமீஸ் எனப்படும் கறுப்புப் பெட்ரலின் வளைகள் 2016இல் முதல் முறையாகக் கண்டறியப்பட்டன. அதுவும் இந்தத் தீவில் மட்டுமே வாழ்கிறது, அதுவும் விளக்கில் விழுகிறது. மலையில் நடக்க வேண்டியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கரையில் நம் வளாகத்துச் சுவிட்ச் நம் கையில் இருக்கிறது.

மாசி மாத நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் உறுப்பினர்களுக்காக இந்த மடலின் பிரெஞ்சு வடிவத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன். முடிவு எடுத்ததும் உங்கள் நகராட்சிக்கும் செஓருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். புத்தாண்டு மேடைக்கு விளக்கு தருவது நகராட்சி என்றால் அந்த விளக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்குத்தான். முடியாது என்று முடிவெடுத்தாலும் எழுதுங்கள், எது தடுக்கிறது என்பதைச் சொல்லுங்கள். டைமர் மாட்டவும் விளக்குகளுக்கு மறைப்புச் செய்யவும் தெரிந்த மின்பணியாளர்கள் சிலர் என் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறார்கள், கூலி வாங்காமல் வரத் தயார் என்கிறார்கள். மார்ச் கடைசி வாரத்துக்குள் எந்தக் கோவில் கூப்பிட்டாலும் வந்து செய்து தருகிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
சேன் லூயியிலிருந்து ஒரு தமிழாசிரியை